கோதிக் வில்லன்மேல பரிதாபம் வரணுமா? புதுசா வாசிக்கப் போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நண்பர் "ஃபிராங்கன்ஸ்டைன் வாசிங்க, அந்த ஜந்து பேசற இடத்துல கண்ணு கலங்கிரும்"னு சொன்னாருன்னு நடைபாதைக் கடையில 80 ரூபாய்க்கு ஒரு காப்பி வாங்குனேன். ரெண்டு நாள்ல முடிச்சேன். கலங்கவும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒருத்தன் ஒரு ஜந்துவைச் செஞ்சான், அது நாலு பேரைக் கொன்னுச்சு, பனிக்கட்டிமேல ஓடிப்போச்சு, சுபம். அப்புறமாத்தான் தெரிஞ்சது நான் வாங்குனது பள்ளிக்கூடப் பசங்களுக்காகச் சுருக்குனது, அந்த ஜந்து தன் கதையைத் தானே சொல்ற ஆறு அத்தியாயத்தை ஒன்றரைப் பக்கத்துல அடைச்சு வெச்சிருந்தாங்க. அடுத்து வதரிங் ஹைட்ஸ், அதை நாலாவது அத்தியாயத்துலயே ரெண்டு தடவை மூடி வெச்சேன், யார் யாருக்குப் பொறந்தாங்கன்னே புரியல. மொத்தத்துல அஞ்சு மாசமும் 900 ரூபா சொச்சமும் போச்சு. நீங்க இதுல பாதிகூட செலவு பண்ண வேண்டியதில்ல.

இங்கிலீஷ்ல நாவல் கொஞ்சம் வாசிப்பேன், ஆனா 1800கள்ல எழுதுன நடை பழக்கமில்லன்னு சொல்றவங்களுக்குத்தான் இது. கோதிக்னா பாழடைஞ்ச மாளிகை, பயம், ரகசியம்னு போற பழைய திகில் நாவல் வகை; அது எப்படித் தோணுச்சு, எங்க வளந்துச்சுங்கிறதெல்லாம் இங்க கிடையாது.

1. எதுல ஆரம்பிக்கறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

நெட்ல பட்டியல் தேடுனா 1764ல வந்த கேஸில் ஆஃப் ஒட்ராண்டோவை முதல்ல போட்டிருப்பாங்க, அதான் முதல் கோதிக் நாவல்னு. ஆரம்பத்துலயே வானத்துல இருந்து ராட்சசத் தலைக்கவசம் விழுந்து கல்யாண மாப்பிள்ளை நசுங்கிச் சாவான், நீங்க சிரிச்சுட்டு மூடிருவீங்க. அதுல வர்ற மேன்ஃப்ரெட் கடைசியில இருட்டுல யாரோன்னு நினைச்சு சொந்த மகளையே குத்திருவான், அந்த இடம் நிஜமாவே வலிக்கும், ஆனா அதுக்குப் பொறுமை வேணும். அது அப்புறம்.

நான் சொல்ற வரிசை: முதல்ல ஃபிராங்கன்ஸ்டைன், அடுத்து ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா, மூணாவதா வதரிங் ஹைட்ஸ். ஃபிராங்கன்ஸ்டைன் முதல்ல ஏன்னா அங்கதான் வில்லனே உக்காந்து பேசறான், வேற யாரும் அவனுக்காக வக்காலத்து வாங்கல. ஃபாண்டம்ல வர்ற எரிக்கும் கடைசியில வாய்விட்டு அழுவான், அதனால அவன் ரெண்டாவது. வதரிங் ஹைட்ஸோட ஹீத்கிளிஃப் தன் தரப்பை உங்ககிட்ட நேரா சொல்லவே மாட்டான், நீங்கதான் அங்கங்க பொறுக்கிச் சேர்க்கணும், அதனால அவன் மூணாவது.

மூணும் பெருசா இருக்குன்னு பயந்தா ஸ்டீவன்சனோட ஜெகில் அண்ட் ஹைட் (1886) எடுங்க, மூணரை மணி நேரத்துல முடிஞ்சுரும். கடைசி அத்தியாயம் முழுக்க ஜெகிலோட வாக்குமூலம்தான். ஆனா ஜெகில்மேல எனக்குப் பரிதாபம் அவ்வளவா வரல, அந்த ஆள் ஹைடா மாறி, தன் தப்பை அவன் தலையில கட்டறதுக்குத்தானே மருந்தே கலக்குறாரு.

2. சரியான பதிப்பை எடுங்க (பணம் வீணாகறது இங்கதான்)

கடையில புத்தகத்தைக் கையில எடுத்ததும் அட்டையைப் பாக்காதீங்க, பதிப்பு விவரம் இருக்கற உள்பக்கத்தைத் திருப்புங்க. அப்ரிட்ஜ்டுன்னோ ரீடோல்டுன்னோ ஒரு வார்த்தை பொடி எழுத்துல இருந்தா அப்படியே திருப்பி வெச்சுருங்க. அந்த வார்த்தை இல்லாமலே சுருக்கியிருப்பாங்க, அதுக்கும் ஒரு சோதனை இருக்கு. ஃபிராங்கன்ஸ்டைன்னா முதல் பக்கத்துல வால்டன்னு ஒரு கப்பல்காரர் தன் அக்காவுக்கு எழுதற கடிதம் இருக்கணும், மொத்தம் நாலு கடிதம். நேரா ஜந்துவைச் செஞ்ச விக்டரோட சின்ன வயசுல ஆரம்பிச்சா அது வேண்டாம்.

அடுத்த சிக்கல், முழுசா இருக்கற ஃபிராங்கன்ஸ்டைனே ரெண்டு இருக்கு. 1818ல பேர் போடாம மூணு வால்யூமா வந்தது ஒண்ணு, 1831ல அதை எழுதுன மேரி ஷெல்லியே திருத்தி ஒரே வால்யூமா விட்டது இன்னொண்ணு. அத்தியாயம் 1ல இருந்து 24 வரைக்கும் ஒரே வரிசையா ஓடுனா 1831. ஒவ்வொரு வால்யூமுக்கும் மறுபடி 1னு ஆரம்பிச்சா 1818. அதுலயும் சந்தேகம்னா எலிசபெத் யாருன்னு பாருங்க, விக்டரோட அத்தை மகள்னா 1818, இத்தாலியில ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஏழைக் குடும்பத்துல இருந்து எடுத்து வளர்த்த பொண்ணுன்னா 1831.

இதுல என்ன பெரிய வித்தியாசம்னு கேப்பீங்க. நம்ம விஷயத்துக்கு இது ரொம்ப முக்கியம். 1831ல விக்டர் சும்மா சும்மா விதி, தலையெழுத்துன்னு புலம்பிக்கிட்டே இருப்பான், அவன் கையில எதுவுமே இல்லாத மாதிரி. 1818ல அந்தப் புலம்பல் கம்மி, தான் செஞ்சதை அவனே செஞ்சான்னு தெரியும், உயிர் குடுத்த அன்னிக்கு ராத்திரியே அதை விட்டுட்டு ஓடுனானே அதுவும் அவனே எடுத்த முடிவு. அதனால 1818 வாசிச்சா உங்க மனசு ஜந்து பக்கம் கொஞ்சம் அதிகமாவே சாயும். நான் 1818தான் சொல்வேன். ஆனா கையில இருக்கறது 1831னா அதுக்காக இன்னொண்ணு வாங்காதீங்க, ஜந்துவோட பேச்சு ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

ஃபாண்டம் மூலம் பிரெஞ்சு, காஸ்டன் லெரூ 1909-10ல பத்திரிகைத் தொடரா எழுதுனது. இலவசமா கிடைக்கிற இங்கிலீஷ் காப்பி 1911ல வந்த மொழிபெயர்ப்பு, அதுல அங்கங்க வெட்டியிருக்காங்க. முதல் வாசிப்புக்கு அது போதும், எரிக்கோட கடைசிப் பேச்சு அதுல இருக்கு. ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னா மட்டும் புது மொழிபெயர்ப்பு காசு குடுத்து வாங்குங்க.

வதரிங் ஹைட்ஸ் 1847ல வந்தது. அதை எழுதுன எமிலி பிராண்டி 1848 டிசம்பர்ல இறந்துட்டாங்க, 1850ல அக்கா ஷார்லட் ஒரு பதிப்பு கொண்டுவந்தாங்க, அதுல ஜோசஃப்ங்கிற கிழட்டு வேலைக்காரன் பேசற யார்க்‌ஷயர் கொச்சையைக் கொஞ்சம் எளிமையாக்கியிருந்தாங்க. இப்ப கடையில வர்ற நல்ல பதிப்புகள்ல 1847 வடிவம்தான் இருக்கும், அப்ப ஜோசஃப் வாயைத் தெறந்தா ஒண்ணும் புரியாது, சென்னைக்காரர் நாஞ்சில் நாட்டு வழக்குல எழுதுன நாவலை முதல்தடவை எடுத்த மாதிரி. சத்தமா வாசிச்சுப் பாருங்க, பாதி புரியும். மீதியை விட்டுருங்க, அந்த ஆள் பெரும்பாலும் திட்டிக்கிட்டுத்தான் இருப்பாரு.

3. செலவு

நினைச்சா பூஜ்யம். நான் இங்க சொல்ற பழைய நாவல்களுக்கெல்லாம் காப்புரிமை முடிஞ்சிருச்சு, ப்ராஜெக்ட் குட்டன்பர்க்ல இலவசமா இறக்கிக்கலாம், ஃபிராங்கன்ஸ்டைனோட ரெண்டு வடிவமுமே அங்க இருக்கு. ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ்ல எழுத்து அழகா இருக்கும், போன்ல வாசிக்கறவங்களுக்கு அது சௌகரியம். கேக்கறதுன்னா லிப்ரிவாக்ஸ், தன்னார்வலர்கள் வாசிச்சது, அதுவும் இலவசம், ஆனா வாசிக்கறவரு குரல் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறலாம்.

காகிதம்தான் வேணும்னா எனக்கு சாதாரண பேப்பர்பேக் ஒண்ணு 150ல இருந்து 250 ரூபாய்க்குள்ள கிடைச்சது. குறிப்புரையோட வர்ற தடிப் பதிப்பை முதல்தடவையே வாங்காதீங்க, நான் வாங்கி முன்னுரை 30 பக்கம் வாசிச்சேன், யார் யாரை எப்பக் கொல்றான்னு மொத்தத்தையும் அங்கயே சொல்லிட்டாங்க. முன்னுரையைக் கடைசியா வாசிங்க. 20 ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கிக்கங்க, அது எதுக்குன்னு கீழ சொல்றேன்.

4. நேரம்

ஃபிராங்கன்ஸ்டைன் சுமார் 75,000 வார்த்தை. பழைய இங்கிலீஷ் பழக்கமில்லாத நான் நிமிஷத்துக்கு 120 வார்த்தைதான் போனேன், அப்படிப் பாத்தா பத்தரை மணி நேரம். தினம் அரை மணின்னா மூணு வாரம். ஃபாண்டம் அதைவிட ஒரு மணி கூட. வதரிங் ஹைட்ஸ் ஒன்றரை மடங்கு, 16 மணி நேரம் ஒதுக்குங்க, அதுல முதல் ரெண்டு மணி நேரம் குழப்பத்துலயே போகும், அது உங்க தப்பு இல்ல.

ஒரு விஷயத்துல மட்டும் பிடிவாதமா இருங்க. ஜந்து பேசற பகுதியை அரை மணி அரை மணியா உடைக்காதீங்க. 1831ல அது 11ல இருந்து 16 வரைக்கும், 1818ல ரெண்டாவது வால்யூம்ல 3ல இருந்து 8 வரைக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு ரெண்டரை மணி நேரம், போனை வேற ரூம்ல வெச்சுட்டு, ஒரே மூச்சுல. நான் முதல்ல பஸ்ல துண்டு துண்டா வாசிச்சேன், ஒவ்வொரு தடவையும் அவன் எங்க ஒளிஞ்சிருக்கான்னே ஞாபகம் வரல.

5. யார் வாயால கேக்கறோம்னு குறிச்சுக்கங்க

நோட்டோட முதல் பக்கத்துல இதை எழுதுங்க. ஃபிராங்கன்ஸ்டைன்ல ஜந்து விக்டர்கிட்ட சொல்றான், விக்டர் வால்டன்கிட்ட சொல்றான், வால்டன் அக்காவுக்கு எழுதறான். நமக்கு வர்றப்ப அது மூணு கை மாறின சரக்கு. அந்த விக்டரே கடைசியில வால்டன்கிட்ட, அவன் ரொம்ப நயமா பேசுவான், நம்பிராதேன்னு எச்சரிக்கை வேற பண்றான். வதரிங் ஹைட்ஸ்ல நெல்லி டீன்ங்கிற வேலைக்காரம்மா லாக்வுட்ங்கிற குடித்தனக்காரர்கிட்ட சொல்ற கதை, அந்தம்மாவுக்கு சொந்தமா விருப்பு வெறுப்பு நிறைய உண்டு.

டிராகுலாவுல (1897) பாருங்க, ஏறக்குறைய மொத்த புத்தகமும் அவனை வேட்டையாடறவங்களோட டைரி, கடிதம், தந்தி. அவன் தரப்புல ஒரு பக்கம்கூட கிடையாது. அப்படியிருந்தும் அவன் கடிச்ச மீனாவே, இவ்வளவு துயரத்துக்கும் காரணமான அந்த ஆத்மாதான் எல்லாரையும்விடப் பாவம்னு 23வது அத்தியாயத்துல சொல்லிருவா. அவளே சொல்றதால அந்த ஒரு வரிக்கு இருக்கற கனம் வேற.

6. நோட்டுல ரெண்டு பத்தி போடுங்க

இதான் எனக்கு உதவுனது, மத்ததெல்லாம் மறந்தாலும் இதைப் பண்ணுங்க. பக்கத்தை நடுவுல கோடு போட்டு, இடது பக்கம் "அவனுக்கு மத்தவங்க செஞ்சது", வலது பக்கம் "அவன் மத்தவங்களுக்குச் செஞ்சது". வலது பக்கம் கண்டிப்பா பேர் எழுதணும். "நாலு கொலை"ன்னு எழுதக்கூடாது, வில்லியம், ஜஸ்டின், க்ளெர்வல், எலிசபெத்னு எழுதணும்.

எப்படின்னு ஒரு இடத்தை வெச்சே காட்டறேன். 1831ல 15வது அத்தியாயம். மாசக்கணக்கா ஒரு குடிசையோட ஒட்டுக் கொட்டகையில ஒளிஞ்சு, சுவர் இடுக்கு வழியா அந்தக் குடும்பத்தைப் பாத்துப் பாத்துப் பேச்சு கத்துக்கிட்டவன், ராத்திரியில அவங்களுக்கு விறகு வெட்டிப் போட்டவன், கண்ணு தெரியாத பெரியவர் தனியா இருக்கற நேரமாப் பாத்துக் கதவைத் தட்டறான். பெரியவருக்கு மூஞ்சி தெரியாதுல்ல, அதனால அன்பா பேசறாரு. அவன் பொறந்ததுல இருந்து அவனோட ஒரு மனுசன் பேசறது அதான் முதல்தடவை. அவன் அழுதுகிட்டே அவர் கையைப் பிடிக்கிற நேரம் மகன் ஃபீலிக்ஸ் உள்ள வந்து, இழுத்துப் போட்டுக் கட்டையால அடிக்கிறான். நினைச்சிருந்தா அவனைப் பிச்சு எறிஞ்சிருக்கலாம், செய்யல. இதெல்லாம் இடது பத்தி. அடுத்த அத்தியாயத்துல ஆத்துல மூழ்கப்போன ஒரு பொண்ணைக் காப்பாத்தறான், அதுக்குக் கிடைச்சது தோள்ல குண்டு. அதுவும் இடது பக்கம்தான்.

நான் இங்க எழுதறதை நிறுத்திட்டு மனசு கனத்துப்போய் உக்காந்திருந்தேன். பக்கத்தைத் திருப்புனா அதே அத்தியாயத்துல விக்டரோட தம்பி வில்லியமை, சின்னப் பையனை, கழுத்தைப் பிடிச்சுக் கொல்றான். கொன்னுட்டு ஒரு கொட்டகைக்குள்ள போறான், அங்க ஜஸ்டின்னு ஒரு பொண்ணு தூங்கிக்கிட்டிருக்கா. இவனை அவ பாத்ததே இல்ல, ஒரு வார்த்தை திட்டுனது இல்ல. பையன் கழுத்துல இருந்த படத்தை அவ உடுப்பு மடிப்புல செருகி வெச்சுட்டுப் போயிடறான், கொலைப்பழி அவமேல விழுந்து தூக்குமேடைக்குப் போறா. வலது பத்தியில ஜஸ்டின் பேரை எழுதிட்டு, அவ இவனுக்கு என்ன பண்ணான்னு இடது பத்தியில தேடுனேன். எதுவுமே இல்ல. வில்லியமாவது கத்துனான், திட்டுனான். இவ தூங்குனா, அவ்வளவுதான்.

பரிதாபம் போயிருச்சான்னு கேட்டா, இல்ல, போகல. ஆனா அது வேற மாதிரி ஆயிருச்சு. கர்ணனுக்காக அழுறப்பவே சபையில அவன் திரௌபதியைப் பேசுன பேச்சு நமக்கு ஞாபகம் வருதுல்ல, அந்த மாதிரி.

7. ஹீத்கிளிஃப்பை ஹீரோ ஆக்கிராதீங்க

முதல்ல வம்ச வரைபடம் போட்டுக்கங்க, அஞ்சு நிமிஷ வேலை. கேத்தரின்னு ரெண்டு பேர், அம்மாவும் மகளும். அம்மா கேத்தரின், எட்கர் லிண்டனுக்கு வாக்கப்பட்டுப் பெத்தது சின்ன கேத்தி. அம்மா கேத்தரினோட அண்ணன் ஹிண்ட்லியோட பையன் ஹேர்ட்டன். எட்கரோட தங்கச்சி இசபெல்லாவுக்கும் ஹீத்கிளிஃப்புக்கும் பொறந்தவன் லிண்டன் ஹீத்கிளிஃப், அவனுக்கு அம்மா வீட்டுக் குடும்பப் பேரே பேரா இருக்கறதுதான் எல்லாரையும் குழப்பறது. இது மட்டும் கையில இருந்திருந்தா நான் ரெண்டு தடவை மூடி வெச்சிருக்க மாட்டேன்.

இந்தப் புத்தகத்துல ஒரு தந்திரம் இருக்கு. அவன் யாருன்னே நமக்குத் தெரியறதுக்கு முன்னாடி, மூணாவது அத்தியாயத்துலயே, நடுராத்திரி ஜன்னலைத் தெறந்து செத்துப்போனவளை உள்ள வா வான்னு கூப்பிட்டு அழுறதைக் காட்டிருவாங்க. அப்புறம்தான் பழைய கதை: லிவர்பூல் தெருவுல கெடந்த பையன், செத்துப்போன இன்னொரு பிள்ளையோட பேரை இவனுக்கு வெச்சது, ஹிண்ட்லி இவனை வேலைக்காரனாக்குனது. ஒன்பதாவது அத்தியாயத்துல, இவனைக் கட்டிக்கிட்டா எனக்குத்தான் கேவலம்னு கேத்தரின் சொல்றதைக் கேட்டுட்டு எழுந்து போயிடறான், அவன்மேல இருக்கற காதலை அவ சொல்றது அதுக்கு அப்புறம். ரெண்டு நிமிஷம் இருந்திருந்தா கேட்டிருப்பான்.

இதெல்லாம் வாசிச்சு உருகிப்போய் நிறைய பேர் அவனைக் காதல் நாயகனாவே ஆக்கிட்டாங்க, நானும்தான். அப்படிப்பட்டவங்க 14வது அத்தியாயத்தை ரெண்டு தடவை வாசிங்க. இசபெல்லா என்னைக் காவிய நாயகன்னு நினைச்சு ஏமாந்து வந்துட்டான்னு அவனே கேலி பண்றான், வீட்டை விட்டு ஓடிவந்தன்னிக்கு அவ கண்ணு முன்னாடி அவளோட குட்டி நாயைத் தூக்குல மாட்டுனேன், அப்பவும் அவளுக்குப் புரியலன்னு சொல்லிச் சிரிக்கிறான். அவன் சிரிக்கறது இசபெல்லாவைப் பாத்து மட்டும் இல்ல, உருகிக்கிட்டிருந்த என்னையும் பாத்துத்தான்னு எனக்குப் பட்டுச்சு.

அதுக்காகப் பாதியில விட்டுராதீங்க. தான் பட்ட அதே அவமானத்தை ஹிண்ட்லி பையன் ஹேர்ட்டனுக்குக் குடுத்து, எழுத்து வாசனையே இல்லாம வளர்த்தவன், 33வது அத்தியாயத்துல அதே ஹேர்ட்டன் மூஞ்சியில தன் வாலிபத்தைப் பாத்துட்டுப் பழிவாங்கற தெம்பே போய் நிக்கறான். இருபது வருஷமா கட்டுன பழியை முடிக்கற நேரத்துல கையைத் தூக்கவே முடியல. எனக்கு அவன்மேல நிஜமான பரிதாபம் வந்தது அங்கதான், ஜன்னல்கிட்ட இல்ல.

8. சினிமா பாத்துட்டு வர்றவங்களுக்கு

சினிமாவுல பாத்ததை வாசல்ல செருப்பு மாதிரி கழட்டி வெச்சுட்டு வாங்க. 1931 படத்துல ஜந்துக்குப் பேச்சு கிடையாது, உறுமல்தான், ஆனா நாவல்ல அவன் மில்டனை வாசிச்சுட்டு வாதாடறவன். ஃபிராங்கன்ஸ்டைன்ங்கிறது செஞ்சவன் பேரு, செஞ்சதுக்குப் பேரே வெக்கல, அதுவும் இடது பத்தியில எழுத வேண்டியதுதான். டிராகுலாவுக்கு இறந்துபோன மனைவி, மறுபிறவிக் காதல் எல்லாம் 1992 படத்துல வந்தது, நாவல்ல தேடி ஏமாறாதீங்க.

எரிக்குக்குப் பாதி மூஞ்சி மறைக்கற வெள்ளை முகமூடி நாவல்ல கிடையாது. அங்க கறுப்பு முகமூடி, உள்ள மண்டையோடு மாதிரி மொத்த முகம், பொறவியிலேயே அப்படி. அவன் ஒண்ணும் சாது இல்ல, அவன் காதலிக்கிற பாடகி கிறிஸ்டீன் கட்டிக்க மாட்டேன்னு சொன்னா ஓபரா ஹவுஸையே ஆளுங்களோட சேத்து வெடி வெச்சுத் தகர்க்கத் தயாரா இருந்தவன். கடைசியில, அவனைப் பழைய நாள்லயே தெரிஞ்ச பாரசீகர் ஒருத்தர்கிட்ட வந்து சொல்ற இடம் இருக்கே, அதுக்குத்தான் இந்தப் புத்தகத்தை ரெண்டாவதா வெச்சேன். பெத்த தாயே முத்தம் குடுக்க விடாம முகமூடியைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடுவாளாம். கிறிஸ்டீன் நெத்தியில இவன் முத்தம் குடுத்தப்ப அவ ஒதுங்கல, நெத்தியைக் கொஞ்சம் முன்னாடி நீட்டுன மாதிரிகூட இருந்துச்சுங்கிறான். அந்த "கொஞ்சம்"தான், என்னால அதைத் தாண்டி வாசிக்க முடியல, எழுந்துபோய் தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

9. இப்போதைக்கு ஒதுக்கி வைக்க வேண்டியது

தி மங்க் (1796) வேண்டாம். அதோட வில்லன் அம்ப்ரோசியோ கைக்குழந்தையா மடத்து வாசல்ல விடப்பட்டவன்ங்கிறது பாவம்தான், ஆனா அதுல பாலியல் வன்கொடுமையும் கொலையும் விலாவாரியா வரும், தெரியாம எடுத்தா மனசு கெட்டுரும். ஹியூகோவோட நோத்ருதாம் (1831) நல்லது, 19 வயசுல கைக்குழந்தைத் தம்பியைத் தனியா வளர்த்த ஃப்ரோலோ எப்படி வில்லன் ஆனான்னு நாலாவது புத்தகத்துல இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி மூணாவது புத்தகம் முழுக்கத் தேவாலயமும் பாரிஸ் நகர வர்ணனையும்தான், அதைத் தாண்ட ஒரு வாரம் ஆகும். மெல்மத் தி வாண்டரர் (1820) கதைக்குள்ள கதை, அதுக்குள்ள இன்னொரு கதைன்னு போகும், ஒரு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்.

10. கடைசிப் பத்துப் பக்கம்

ஃபிராங்கன்ஸ்டைன்ல விக்டர் செத்தப்புறமும் கதை முடியாது, அவசரத்துல மூடிராதீங்க. கப்பல்ல அவன் பிணத்துக்கு முன்னாடி ஜந்து நின்னு அழுதுகிட்டிருப்பான். வால்டனுக்கு முதல்ல இரக்கம் வரும், அப்புறம் விக்டர் சொன்ன எச்சரிக்கை ஞாபகம் வந்து, கட்டடத்துக்கு நெருப்பு வெச்சுட்டு எரிஞ்சப்புறம் சாம்பல்ல உக்காந்து அழுறவன் மாதிரி இருக்கு உன் அழுகைன்னு மூஞ்சிக்கு நேரா கேப்பான். அதுக்கு ஜந்து, என்னை மட்டும்தான் குத்தவாளிங்கிறியா, வாசல்ல இருந்து என்னை அடிச்சு விரட்டுன ஃபீலிக்ஸை நீ ஏன் வெறுக்கலன்னு திருப்பிக் கேக்கும், ஆனா தான் செஞ்சது எதையும் இல்லன்னு சொல்லாது.

அதை வாசிக்கறப்ப நோட்டைத் தெறந்து பக்கத்துல வெச்சுக்கங்க. என் நோட்டுல ஃபீலிக்ஸ் பேரு இடது பத்தியில மேலயே இருக்கு, ஜஸ்டின் பேருக்கு நேரா இருக்கற இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு.